இலையைத் தின்பதும் அதைத் தின்பதும்: பினாங்கில் வீட்டுத் தோட்டம் போடுவோருக்கு ஒரு வழிகாட்டி

பினாங்கில் முதன்முதலாகத் தொட்டியில் பயற்றங்காயோ கத்தரியோ வைத்த ஒருவர், இலையில் பூச்சியைக் கண்டதும் பக்கத்து வீட்டில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணே, பூச்சி விழுந்திருக்கு, என்ன மருந்து அடிக்கலாம்?" அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. இந்தப் பூச்சியைத் தின்பது எது, அது வந்துவிட்டதா, வரவில்லை என்றால் அதைத் தடுப்பது எது? இந்தக் கேள்விக்கு உங்கள் செடியிலேயே விடை தேடக் கற்றுக்கொடுப்பதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம். ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியின் நடைபாதையில் நான்கு தொட்டி வைத்திருப்பவருக்கும், பட்டர்வொர்த் தரைவீட்டின் பின்புறத்தில் ஒரு பாத்தி போட்டிருப்பவருக்கும் இதில் சொல்வது அனைத்தும் பொருந்தும்.

1960ஆம் ஆண்டில் ஹேர்ஸ்டன், ஸ்மித், ஸ்லோபோட்கின் என்ற மூன்று அமெரிக்கச் சூழலியலாளர்கள், இத்தனை இலைதின்னிகள் இருந்தும் நிலம் ஏன் பச்சையாகவே இருக்கிறது என்று கேட்டு, இலைதின்னிகளை அவற்றின் பகைவர்களே அடக்கி வைக்கின்றன என்று விடை சொன்னார்கள். பச்சையாகத் தெரிவதெல்லாம் தின்னத்தக்கது அல்ல, செடியே நஞ்சாலும் மயிராலும் தடிப்பாலும் தன்னைக் காத்துக்கொள்கிறது என்று வேறு சிலர் மறுத்தார்கள். வீட்டுத் தோட்டத்தில் இரண்டும் ஒரே செடியில், சில சமயம் ஒரே இலையில் நடப்பதைப் பார்க்கலாம்.

இலைதின்னிகளைப் பகைவர்கள் அடக்கி வைக்கின்றன என்பதற்கு நம் பாட்டன் பாட்டிமார் உழைத்த தோட்டப்புறங்களிலேயே கசப்பான சான்று உண்டு. 1950களின் இறுதியிலும் 1960களிலும் மலாயாவின் செம்பனைத் தோட்டங்களில், பட்ட பூச்சியையெல்லாம் கொல்லும் தொடுநஞ்சுகளைத் தெளித்த பிறகு, பைப்புழுக்கள் குறைவதற்குப் பதிலாகப் பெருகின. இலைத்துண்டுகளைப் பட்டிழையால் சேர்த்துப் பை பின்னி, அதற்குள் உடலை மறைத்துக்கொண்டு வாழும் அந்தப் புழுக்களில் பல நஞ்சுக்குத் தப்பின. வெளியே அலைந்துகொண்டிருந்த அவற்றின் பகைவர்கள் மாண்டுபோயின. இன்று செம்பனைத் தோட்டத்துச் சாலையோரங்களில் வரிசையாக நட்டிருக்கும், காலையில் விரிந்து நண்பகலில் மூடிக்கொள்ளும் தர்னேரா பூச்செடிகள் அழகுக்காக நட்டவை அல்ல. பைப்புழுவைத் தாக்கும் குளவிகளுக்கும் கொலைகார நாவாய்ப்பூச்சிகளுக்கும் தேன் கிடைக்க வேண்டும் என்பதற்காக நட்டவை. நெல்லிலும் இதே கதைதான். தெளிக்கத் தெளிக்க, நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சி பெருகியதைக் கண்ட இந்தோனேசிய அரசு, 1986ஆம் ஆண்டில் நெற்பயிருக்குப் பயன்படுத்திய 57 பூச்சிக்கொல்லிகளுக்குத் தடை விதித்தது.

முதல் படி: ஒரே ஒரு செடியைத் தேர்ந்தெடுங்கள்

தோட்டம் முழுவதையும் ஒரே நேரத்தில் கவனிக்க முயல்பவர் எதையும் கவனிப்பதில்லை. ஒரு செடி போதும். புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பது பயற்றங்காய். தளிரில் கூட்டமாக ஒட்டிச் சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சியான கறுப்பு அசுவினி அதைத் தேடி வருவது ஏறக்குறைய உறுதி. அசுவினியைத் தேடி மற்றவை வரும். போதாக்குறைக்குப் பயற்றங்காயின் பூக்காம்பில், பூவுக்கு வெளியே, எறும்புகளை அழைக்கும் தேன்சுரப்பிகளும் இருக்கின்றன. விதைத்து ஆறு வாரம் அளவில் அது பூக்கத் தொடங்கும் என்பதால் பொறுமை சோர்ந்துபோவதற்குள் பார்க்க நிறைய கிடைத்துவிடும். விதைக்க இடமில்லாதவர்கள், தமிழர் வீடுகளில் எப்படியும் இருக்கும் கறிவேப்பிலை மரத்தையோ எலுமிச்சைச் செடியையோ எடுத்துக்கொள்ளலாம்.

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்சு, ஒரு குறிப்பேடு, கைபேசி, இரவில் பார்க்க ஒரு டார்ச் விளக்கு ஆகியவையே கருவிகள். பார்க்க ஏற்ற நேரம், வெயில் ஏறுவதற்கு முன் காலை ஏழரை முதல் ஒன்பது வரை. வாரத்தில் ஓரிரு முறை இருட்டிய பிறகும் பாருங்கள், ஏனெனில் பகலில் மண்ணிலும் சருகிலும் பதுங்கியிருக்கும் சிலந்திகளும் காதுப்பூச்சிகளும் இரவில்தான் செடியில் ஏறுகின்றன. குறிப்பேட்டில் தேதி, மழை பெய்ததா இல்லையா, எந்த இலையின் எந்தப் பக்கம், எத்தனை என்ற நான்கும் ஒவ்வொரு முறையும் இருக்க வேண்டும். உங்கள் வட்டாரத்தில் டிங்கிக் காய்ச்சலுக்காகக் கொசுப்புகை அடித்தால் அந்த நாளைச் சிவப்பு மையில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் புகை கொசுவை மட்டும் தேடிப் பிடிப்பதில்லை என்பதால், அதற்கு முந்தைய கணக்கையும் பிந்தைய கணக்கையும் கலக்கக் கூடாது.

இரண்டாம் படி: பூச்சியைத் தேடுவதற்கு முன் இலையைப் படியுங்கள்

தின்றவர் போய்விட்டாலும் தின்ற தடம் இலையில் இருக்கும். ஓரத்திலிருந்து கடித்தெடுத்த குறை இருந்தால் புழுவோ வெட்டுக்கிளியோ வந்து போயிருக்கிறது. நரம்புகளை விட்டுவிட்டு இடையிலுள்ள பச்சையை மட்டும் சுரண்டியிருந்தால் வண்டு. இலை சுருண்டு, தொட்டால் பிசுபிசுத்து, அதன்மேல் கரும்பூசணம் படர்ந்திருந்தால் அசுவினி, மாவுப்பூச்சி, செதில்பூச்சி போன்ற சாறுறிஞ்சிகள். எலுமிச்சையின் தளிரில் வெள்ளிக் கோடு நெளிந்து நெளிந்து ஓடினால், இலையின் இரு தோல்களுக்கு நடுவில் சுரங்கம் வெட்டித் தின்னும் இலைத்துளைப்பான் புழு. ஊசி முனையால் குத்தியது மாதிரி வெளிறிய புள்ளிகள் நிறைந்திருந்தால் சிலந்திப்பேன். பினாங்கின் வறண்ட மாதங்களான ஜனவரியிலும் பிப்ரவரியிலும் இதை அதிகம் பார்ப்பீர்கள்.

அடுத்து, செடி தன் பங்குக்கு என்ன செய்கிறது என்று பாருங்கள். பப்பாளியின் இலைக்காம்பைக் கிள்ளினால் வழியும் பால், சிறிய புழுவின் வாயை ஒட்ட வைத்துவிடும். எருக்கின் பாலில் இதயத்தைத் தாக்கும் நஞ்சே இருக்கிறது. ஆயினும் அந்த நஞ்சைத் தாங்கி, அதைத் தன் உடலில் சேர்த்துவைத்துத் தானும் நஞ்சாகிப் பறவைகளிடமிருந்து தப்பிக்கும் புலிநிற வண்ணத்துப்பூச்சியின் வரிவரியான புழு, எருக்கைத் தவிர்ப்பதற்குப் பதிலாக அதையே தேடி வருகிறது. செடியின் தற்காப்பு எல்லாப் பூச்சிகளையும் நிறுத்துவதில்லை; அதைக் கடக்கத் தெரிந்த சிலவற்றுக்கு மட்டும் அந்தச் செடியை ஒதுக்கி விடுகிறது. கறிவேப்பிலையும் எலுமிச்சையும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால், எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி இரண்டிலும் முட்டையிடும். அது கறிவேப்பிலையில் வந்து அமரும்போது முன்னங்கால்களைக் கவனியுங்கள். இலையின் மேல் அவற்றால் வேகமாகத் தட்டி, காலிலுள்ள சுவை உணர்விகளால் இலையின் வேதிப்பொருளைச் சோதித்து, சரியான செடிதான் என்று தெரிந்த பிறகே வயிற்றை வளைத்து, உருண்டையான வெளிர்மஞ்சள் முட்டை ஒன்றைத் தளிரில் ஒட்டும்.

கண்ணுக்குத் தெரியாத தற்காப்பு ஒன்றும் உண்டு. சிலந்திப்பேன் தாக்கிய அவரை வகைச் செடி ஒருவிதமான வாசத்தை வெளியிடுகிறது என்பதையும், அந்தப் பேனைத் தின்னும் இரைவிழுங்கிப் பேன்கள் அந்த வாசத்தைப் பிடித்து வந்து சேர்கின்றன என்பதையும் 1980களில் நெதர்லாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். தின்னப்படும் செடி, தன்னைத் தின்பவனின் பகைவனுக்கு இடத்தைக் காட்டிக்கொடுக்கிறது. இந்த உண்மையை அறிந்ததிலிருந்து, கடிபட்ட இலைகளை உடனடியாகக் கிள்ளி எறிவதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

மூன்றாம் படி: தின்பவற்றை எண்ணுங்கள்

இதற்கு அதிக நேரம் வேண்டாம். பயற்றங்காயின் தளிர், பூக்காம்பு, பிஞ்சு ஆகிய மூன்று இடங்களில் மட்டும் அசுவினியைப் பத்துப் பத்தாக மதிப்பிட்டு எழுதினால் போதும். அசுவினி ஆண் துணையின்றியே, முட்டையிடாமல் குட்டியாகவே ஈனும். நம்முடைய வெப்பத்தில் அந்தக் குட்டி ஏறக்குறைய ஒரு வாரத்தில் தானும் ஈனத் தொடங்கிவிடும். எனவே ஒரு வாரத்தில் பத்து நூறாவதைக் கண்டு திடுக்கிட வேண்டாம். அசுவினியைத் தின்னும் பொறிவண்டு முட்டையிலிருந்து முழு வண்டாக இரண்டு மூன்று வாரங்கள் பிடிக்கும். இந்த இடைவெளிதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை: தின்பது முந்துகிறது, தின்பதைத் தின்பது பிந்தி வருகிறது. மருந்தடிக்கும் கை பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் நீளுகிறது, அப்போது சாவது வந்துகொண்டிருந்த உதவி.

நான்காம் படி: வேட்டையாடிகளை இளம் பருவத்திலேயே அடையாளம் காணுங்கள்

சிவப்பு முதுகில் கறுப்புக் கோலமிட்ட பொறிவண்டு நல்லது என்று எல்லோருக்கும் தெரியும். அதன் குஞ்சு எப்படி இருக்கும் என்று தெரிந்தவர் குறைவு. கறுஞ்சாம்பல் நிறத்தில், முதுகில் வெளிர்மஞ்சள் திட்டுகளுடன், ஆறு கால்களால் விறுவிறுவென்று ஓடும் அந்தப் புழு, தாயைவிடப் பசி மிகுந்தது. ஒரு நாளில் பல பத்து அசுவினிகளைத் தின்னும். அதைத்தான் "ஏதோ கெட்ட புழு" என்று நினைத்து நசுக்குகிறார்கள். மாவுப்பூச்சியைத் தின்னும் ஒருவகைப் பொறிவண்டின் குஞ்சு இன்னும் பாவம், ஏனெனில் அதன் உடல் முழுவதும் வெள்ளை மெழுகு இழைகள் மூடியிருப்பதால் அது மாவுப்பூச்சியாகவே தெரியும். வேறுபாடு எளிது: மாவுப்பூச்சி ஒட்டிய இடத்திலேயே கிடக்கும் அல்லது மிக மெல்ல நகரும், குஞ்சு அளவில் பெரியது, இழைகள் நீளமானவை, குச்சியால் தொட்டால் நடந்துவிடும்.

பொறிவண்டுக் குடும்பத்திலேயே இலைதின்னி ஒன்றும் உண்டு. கத்தரி இலையை நரம்பு மட்டும் மிஞ்சும்படி சுரண்டுவது அதுதான். அதன் முதுகில் 28 வரை புள்ளிகள் இருக்கும். புள்ளியை எண்ணுவதைவிடப் பளபளப்பைப் பாருங்கள். வேட்டையாடும் பொறிவண்டின் முதுகு மெருகிட்டு மின்னும்; கத்தரியைத் தின்னும் வண்டின் முதுகில் நுண்மயிர் மூடியிருப்பதால் மங்கலாகத் தெரியும். அதன் குஞ்சு மஞ்சள் நிறத்தில், உடலெங்கும் கிளைத்த முட்களோடு இருக்கும். இதை மட்டும் கையால் பொறுக்கி எடுத்துவிடலாம்.

இலையின் அடியிலோ சன்னல் கம்பியிலோ, மயிரிழை போன்ற காம்பின் நுனியில் ஒற்றை ஒற்றையாக நிற்கும் வெள்ளை முட்டைகளைக் கண்டால் அவை கண்ணாடி இறக்கைப் பூச்சியுடையவை. பொரித்து வரும் குஞ்சுக்கு அரிவாள் வளைவில் இரண்டு தாடைகள். அவற்றை அசுவினியில் குத்திச் சாற்றை உறிஞ்சிவிட்டு வெறும் தோலை எறியும். சில வகைகள் அந்தத் தோல்களையே முதுகில் சுமந்து நடப்பதால், குப்பைத் துணுக்கு ஒன்று தானாக நகர்வதைப் பார்த்தால் லென்சை எடுங்கள்.

அசுவினிக் கூட்டத்தின் நடுவில், கால்களே இல்லாத, ஒரு முனை கூர்ந்த பச்சை அல்லது வெளிறிய புழு ஒன்று கிடக்கலாம். அது மலர் ஈயின் புழு. மலர் ஈ என்பது, மஞ்சளும் கறுப்புமாகக் குளவி வேடம் போட்டு, பூவின் முன்னால் அந்தரத்தில் அசையாமல் நிற்குமே, அந்த ஈ. அதன் புழுவுக்குக் கண் கிடையாது. தலையை இடமும் வலமும் வீசித் துழாவிக்கொண்டே இருந்து, அசுவினி மேல் பட்டதும் கவ்வி, இலையிலிருந்து அதை மேலே தூக்கிப் பிடித்து, கால்கள் காற்றில் உதற உதற உறிஞ்சிக் காலியாக்கும். சில நிமிடங்களில் முடிந்துவிடும் இந்தக் காட்சியைப் பொறுத்திருந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்; பிறகு உங்கள் செடியை நீங்கள் பார்க்கும் விதமே மாறிவிடும்.

இலைமேல் பச்சைப்பொன்னாக மின்னும், நீண்ட கால்களையுடைய சிறு ஈக்களும் வேட்டைக்காரர்களே. வலை பின்னாமல் தாவிப் பிடிக்கும் சிலந்திகள், முள்நிறைந்த கால்களோடு இலை நுனியில் காத்திருக்கும் சிலந்திகள், கும்பிடுபூச்சி ஆகியவற்றை ஒவ்வொன்றாக விளக்கத் தேவையில்லை. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: இவை அசுவினி, புழு, தேனீ, பொறிவண்டு என்று பாகுபாடு பார்ப்பதில்லை. எனவே இவற்றின் எண்ணிக்கை ஏறினால் இலைதின்னி உடனே குறையும் என்று கணக்குப் போடாதீர்கள்.

கடைசியாகக் குளவிகள். குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்பது நம் வழக்கு. நம் முன்னோர் கண்ணால் கண்டது பொய்யில்லை. குளவி புழுவைக் கொண்டுபோய் மண்கூட்டில் அடைத்ததையும், அதிலிருந்து குளவி வெளிவந்ததையும் பார்த்துத்தான் சொன்னார்கள். இடையில் நடப்பது வேறு. கொட்டியதால் செயலிழந்த புழு உயிரோடு உணவாகக் கிடக்க, கூட்டில் குளவி இட்டிருந்த முட்டையிலிருந்து வரும் குஞ்சு அதைத் தின்று வளர்கிறது. சன்னல் சட்டத்தில் மண்கூட்டைக் கண்டால், யாருக்கும் ஒவ்வாமை இல்லாத வீட்டில், அதை உடைக்காமல் விடுங்கள். தனியாக வாழும் இந்தக் குளவிகள் சீண்டாதவரை மனிதரை நாடி வந்து கொட்டுவதில்லை. இவற்றைவிடச் சிறிய, சில ஒரு மில்லிமீட்டரையும் எட்டாத ஒட்டுண்ணிக் குளவிகள் இரையின் உடலுக்குள்ளேயே முட்டையிடுகின்றன. உப்பிப் பழுப்பேறி, அசையாமல் ஒட்டியிருக்கும் அசுவினிகள் அவற்றின் வேலை. முதுகில் வட்டத் துளை இருந்தால் குளவி வெளியேறிவிட்டது, துளை இல்லையென்றால் உள்ளே இருக்கிறது. புழுவின் மேல் அரிசியளவு வெள்ளைக் கூடுகள் ஒட்டியிருந்தாலும் அப்படித்தான். அவற்றைப் புழுவின் முட்டைகள் என்று கருதி நசுக்க வேண்டாம்.

ஐந்தாம் படி: எறும்பு யார் பக்கம் என்று தீர்மானியுங்கள்

புதியவர்களை அதிகம் குழப்புவது எறும்பு. அதே எறும்பு ஒரு செடியில் காவலாளியாகவும் இன்னொன்றில் அசுவினியின் மேய்ப்பனாகவும் இருக்கும் என்பதால், பெயரை வைத்து முடிவெடுக்காமல் நடத்தையை வைத்து முடிவெடுக்க வேண்டும்.

கெரெங்கா என்று நாம் இங்கே சொல்லும் முசுறு எறும்பை எடுத்துக்கொள்ளுங்கள். மாமரத்திலும் ரம்புத்தான் மரத்திலும் இலைகளை இழுத்துச் சேர்த்து, தன் இளம்புழுக்களை வாயில் பிடித்து அவை சுரக்கும் பட்டிழையால் தைத்துக் கூடு கட்டும் இந்த எறும்பைத் தென்சீனத்தில் ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன்பே ஆரஞ்சுத் தோப்புகளுக்காகக் கூட்டோடு விற்றார்கள், வாங்கினார்கள் என்று பழைய குறிப்பு உண்டு. பழத்தைக் குத்தும் நாவாய்ப்பூச்சிகளையும் புழுக்களையும் அது விரட்டியடிக்கிறது. அதே முசுறு, இனிப்புக் கழிவுக்காக மாவுப்பூச்சியையும் செதில்பூச்சியையும் காத்து வளர்க்கவும் செய்கிறது. நெடிய மரத்தில் அது இருப்பது எனக்கு நன்மையாகவே படுகிறது; பிள்ளைகள் கை வைக்கும் உயரத்திலுள்ள எலுமிச்சையில் அது வேண்டாம்.

உங்கள் செடியில் எறும்பு என்ன செய்கிறது என்று அறிய, பத்து நிமிடம் ஒரே இடத்தில் உற்றுப் பாருங்கள். எறும்பு அசுவினியின் பின்புறத்தைத் தன் உணர்கொம்புகளால் தட்டி, வெளிவரும் துளியைக் குடித்தால் மேய்க்கிறது. பொறிவண்டு நெருங்கியதும் அதன் காலைக் கவ்வித் தள்ளினால் காவலும் காக்கிறது. அசுவினி எங்கும் இல்லாமல், பூக்காம்பின் அடியிலுள்ள சுரப்பியை மட்டும் நக்கிக்கொண்டு செடியில் சுற்றிவந்தால், செடி கொடுக்கும் கூலிக்கு வேலை செய்கிறது, அதை விட்டுவிடுங்கள். இந்தக் கூலி உறவின் உச்சத்தைப் பார்க்க விரும்புவோர், காட்டோரங்களில் வளரும் மகாங் மரங்களில் சில வகைகளைப் பார்க்க வேண்டும். உள்ளீடற்ற தண்டில் எறும்புக்கு வீடும், இலையடியில் வெள்ளை உணவுமணிகளும் கொடுத்து, அதற்கு ஈடாக இலைதின்னிகளையும் மேலே படரும் கொடிகளையும் அகற்றும் வேலையை அந்த மரம் வாங்குகிறது.

எறும்பு மேய்ப்பது உறுதியானால், அசுவினியைத் தொடாமல் எறும்பின் வழியை மட்டும் அடைத்துவிடுங்கள். தண்டைச் சுற்றி ஒட்டுநாடாவைச் சுற்றி, அதன்மேல் வாசலைனைத் தடவினால் போதும். தண்டின் தோலில் நேரடியாகத் தடவ வேண்டாம். பக்கத்துச் செடியின் இலையோ சுவரோ தொட்டுக்கொண்டிருந்தால் எறும்பு அந்த வழியில் வந்துவிடும் என்பதால் அதையும் வெட்டிவிடுங்கள். தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்தும் பழைய முறையை இங்கே செய்யாதீர்கள். தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அபராதமும் வரும். எறும்பு நின்ற பிறகு பொறிவண்டும் மலர் ஈயும் வருகின்றனவா என்று தொடர்ந்து எழுதுங்கள்.

ஆறாம் படி: ஒரு சின்னச் சோதனை

பார்ப்பது மட்டும் போதாது. வேட்டையாடிகள் உண்மையில் எவ்வளவு குறைக்கின்றன என்பதை அவற்றை விலக்கிப் பார்த்தால்தான் அறிய முடியும். அசுவினி ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும் மூன்று தளிர்களைத் தேர்ந்தெடுங்கள். திருமண விருந்தில் அன்பளிப்பு வைத்துக் கொடுக்கும் மெல்லிய ஆர்கன்சா பைகளில் பெரியது இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தளிரில் உள்ள பொறிவண்டு, புழு, பழுப்பேறிய அசுவினி அனைத்தையும் அகற்றிவிட்டுப் பையை மாட்டி, வாயைத் தண்டோடு சேர்த்து இறுகக் கட்டுங்கள். இரண்டாம் தளிரில் அதே பையை, அடிப்பக்கம் திறந்தபடியும் பக்கங்களில் கத்தரித்த துளைகளோடும் மாட்டுங்கள். மூன்றாவதை வெறுமனே விடுங்கள்.

இரண்டாவது எதற்கு என்று பலர் கேட்பார்கள். பை நிழலைத் தருகிறது, காற்றையும் மழைத்துளியையும் தடுக்கிறது; பினாங்கின் மாலை மழை ஒன்றே ஏராளமான அசுவினிகளை அடித்துத் தள்ளிவிடும். எனவே மூடிய பையில் அசுவினி பெருகினால் அது வேட்டையாடி இல்லாததாலா, மழை படாததாலா என்பதைப் பிரித்துச் சொல்ல, பையும் இருந்து வேட்டையாடியும் வரக்கூடிய ஒரு தளிர் வேண்டும். இரண்டு நாட்களுக்கு ஒருமுறை, இரண்டு வாரத்துக்கு எண்ணுங்கள். மூடிய பையில் பெருகி, திறந்த பையில் பெருகாவிட்டால், உங்கள் தோட்டத்தில் வேட்டையாடிகள் வேலை செய்கின்றன. இரண்டிலும் ஒரே மாதிரி பெருகினால் அவை இன்னும் வரவில்லை, அல்லது எறும்பு அவற்றைத் தடுக்கிறது. கொசுவலைத் துணியில் பை தைக்காதீர்கள். அதன் கண் வழியே ஒட்டுண்ணிக் குளவி நுழைந்துவிடும்.

பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு இன்னொரு சோதனை. எழுதுபொருள் கடையில் கிடைக்கும் பச்சைப் பிளாஸ்டிசினில், 3 சென்டிமீட்டர் நீளத்துக்கு மெல்லிய புழுக்களை உருட்டி, இலைமேல் பசையால் ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். எறும்போ வண்டோ கடித்தால் இணையான சிறு துளைகள் பதியும். பறவை கொத்தினால் ஆழமான கூர்வடு. எலி கடித்தால் பற்களின் இரட்டைப் பள்ளம். உலகின் 31 இடங்களில் ஏறக்குறைய 2,900 பிளாஸ்டிசின் புழுக்களை இப்படி ஒட்டிப் பார்த்து 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, துருவங்களை விட்டு நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்கக் கடி அதிகரிப்பதையும், அந்த வேறுபாட்டுக்குப் பறவைகளைவிட எறும்பு முதலிய சிற்றுயிர்களே காரணம் என்பதையும் காட்டியது. பினாங்கு நிலநடுக்கோட்டிலிருந்து ஐந்தரைப் பாகைக்கும் குறைவான தொலைவில் இருக்கிறது. உங்கள் நடைபாதைத் தொட்டியில் ஒட்டிய புழுவிலும் சுவடு விழாமல் இருக்க வாய்ப்புக் குறைவு.

ஏழாம் படி: எப்போது பொறுப்பது, எப்போது கை வைப்பது

அசுவினி இருக்கும் தளிரில் முட்டையோ குஞ்சோ பழுப்பேறிய கூடோ ஏதேனும் ஒன்று தென்பட்டால், ஒரு வாரம் பொறுங்கள். ஒன்றுமே தென்படாமல் தளிர் முறுக்கிக்கொண்டால், தண்ணீர்க் குழாயின் வேகத்தில் இலையடியைக் கழுவுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் சோப்புக் கரைசலை அந்தத் தளிரில் மட்டும், மாலையில், மெல்ல அடியுங்கள். காய்ந்த பிறகு அது எதையும் கொல்லாது என்பதால் அடுத்த நாள் வரும் பொறிவண்டுக்குத் தீங்கில்லை. ஆனால் ஈரமாக இருக்கும்போது குஞ்சின் மேல் பட்டால் அதுவும் சாகும்.

பொறுக்கக் கூடாத இடமும் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. எலுமிச்சை, கறிவேப்பிலை, காமினி ஆகியவற்றின் தளிரில், வாலைத் தூக்கிச் சாய்வாக அமரும் மிகச் சிறிய பழுப்புப் பூச்சிகளும், அருகில் வெள்ளை மெழுகு நூல்களை விடும் மஞ்சள் குஞ்சுகளும் இருந்தால், அவை எலுமிச்சை இன மரங்களைப் படிப்படியாகக் கொல்லும் பசுமை நோயைப் பரப்பும் சைலிட் பூச்சிகள். இவற்றைத் தாக்கும் ஒட்டுண்ணிக் குளவியும் பொறிவண்டும் இருக்கின்றன. எனினும் நோயைக் கடத்தச் சில பூச்சிகளே போதும் என்பதால், இங்கே எண்ணிக்கை குறைவது மட்டும் போதாது. அந்தத் தளிர்களை வெட்டி, பையில் இறுகக் கட்டி அப்புறப்படுத்துங்கள். மிளகாயில் நச்சுயிரியைப் பரப்பும் வெள்ளை ஈக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

எட்டாம் படி: வேட்டையாடிக்குச் சோறு போடுங்கள்

மலர் ஈயின் புழு அசுவினியைத் தின்றாலும், வளர்ந்த ஈ தேனும் மகரந்தமும்தான் உண்ணும். ஒட்டுண்ணிக் குளவிகளில் பெரும்பாலானவையும் தேனை நம்பியே நெடுநாள் வாழும். எனவே மாடத்துத் துளசியின் கதிரை முழுவதும் கிள்ளிவிடாமல், சில கதிர்களைப் பூக்க விடுங்கள். கொத்தமல்லி சில செடிகளையும் பூக்க விடுங்கள். இடமிருந்தால் தர்னேரா ஒரு தொட்டி. வரிசையாக எல்லாச் செடியையும் ஒரே நாளில் பிடுங்கிவிட்டு மறுபடி நடுவதைத் தவிர்த்து, பாதியைப் பிடுங்கும்போது பாதி நிற்கட்டும். அசுவினி அறவே இல்லாத தோட்டத்தில் பொறிவண்டு தங்காது. எருக்கில் வரும் மஞ்சள் அசுவினி பயற்றங்காய்க்கு வராது என்பதால், மூலையில் நிற்கும் ஒரு எருக்கு, தோட்டத்துக்குத் தீங்கில்லாமல் பொறிவண்டுக்கு உணவு வைத்திருக்கும்.

வீட்டுச் செடியில் கண் பழகிய பிறகு, 1884ஆம் ஆண்டு முதல் இருந்துவரும் தண்ணீர்மலை அருகிலுள்ள தாவரவியல் பூங்காவுக்கும், 2021ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்த கொடிமலைக்கும் ஒரு காலை போய் வாருங்கள். அங்கே எதையும் பறிக்கவும் பிடிக்கவும் வேண்டாம்; இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு அப்படியே விடுங்கள். தெலுக் பஹாங்கில் 1986ஆம் ஆண்டில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பண்ணை இன்று எந்தோப்பியா என்ற பெயரில் இயங்குகிறது. அங்கே புழுப் பருவங்களை வரிசையாகப் பார்த்துவிட்டால், பறவை எச்சம் என்று கறிவேப்பிலையில் நீங்கள் கடந்துபோனது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு என்பது பிடிபடும்.

படம் எடுக்கும்போது பூச்சியை மட்டும் நெருக்கமாக எடுத்தால் பின்னால் அது எதைத் தின்றது என்பது தெரியாமல் போகும். முதலில் செடி முழுவதும், அடுத்து அந்த இலை, பிறகு தின்பதும் தின்னப்படுவதும் ஒரே சட்டத்தில், கடைசியாக நெருக்கப்படம் என்று நான்காக எடுங்கள். உயிரினப் படங்களைப் பகிர்ந்து அடையாளம் காண உதவும் ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் பதிவேற்றும்போது குறிப்புப் பகுதியில் செடியின் பெயரையும், எது எதைத் தின்றது என்பதையும் தமிழிலேயே எழுதலாம்.